இடது தோள்

மார்ச் 3

வாயாடியின் அம்மாவுக்கு,

நலம். உன் நலத்தை நேற்றே போனில் கேட்டுவிட்டேன், அதனால் மறுபடி கேட்கவில்லை. போனில் நலம் விசாரிப்பு மட்டும், சண்டை உட்பட மற்றதெல்லாம் கடிதத்தில் என்று நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது பேசிக்கொண்டோமே, அந்த ஒப்பந்தத்தை நான் இன்னும் மீறவில்லை. மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற வீட்டில் வேறு வழியும் கிடையாது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. கடைக்கு முன்னால் இருக்கும் மரம் பூத்து, தைக்க வந்த வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சள் பொடி. தும்மிக்கொண்டே பட்டன் துளைகளுக்குக் காஜா போடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வசந்தகாலச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தலைமையாசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை, நாலு பக்கம் எழுதியிருக்கிறார். மகரந்தத்தால் மூச்சிரைக்கும் பிள்ளைகள் இன்ஹேலரில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டுமாம். ஆறாம் வகுப்புக்குத் தடுப்பூசி. சில தலைகளில் பேன், யார் தலை என்று யாரும் கேட்கக் கூடாது. விளையாட்டு வகுப்பு இனிமேல் வெளியே, ஆகவே மெல்லிய துணியில் கோடைச் சீருடை. ஏழாம் வகுப்புக்கு மட்டும் முதுகெலும்புப் பரிசோதனை. பிள்ளையைக் குனியச் சொல்லி நர்ஸ் பின்னால் நின்று பார்ப்பாராம். சம்மதமா இல்லையா என்று கீழே குறித்துக் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம் என்று சம்மதமில்லை என்றே குறித்துவிட்டேன். முதுகைக் காட்ட அவளுக்கும் கூச்சமாக இருக்கும்.

கோடைச் சீருடையைத் தைத்து முடித்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நிற்கும் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். தையலைக் குறை சொல்ல முடிந்தால் சொல்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்


மார்ச் 14

வாயாடியின் அப்பாவுக்கு,

கடிதமும் போட்டோவும் வந்தன. இந்த முதியோர் இல்லத்தில் போட்டோவைப் பார்க்காதவர்கள் இனி யாரும் இல்லை. நான் குளிப்பாட்டிவிடும் பழைய ராணுவக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் பட்டாளத்தில் கூட யாரும் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை என்றார். வீட்டுக்காரர் தைத்தது என்று சொன்னேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் சொன்னேன், அதிலென்ன தப்பு. படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ஏன் சம்மதமில்லை என்று கொடுத்தீர்கள்? அது என்ன ஊசியா, மருந்தா? குனிந்து நிமிர்வதற்குள் முடிந்துவிடும். எனக்கு இங்கே நாள் முழுக்க முதுகுகள்தான். சோப்புப் போடும்போது கைக்கு எல்லாம் தெரியும். சின்ன வயதிலேயே யாராவது பார்த்திருந்தால் இந்த மனிதர் இப்படி மடங்கிப் போயிருக்கமாட்டாரே என்று சிலரைத் தொடும்போது தோன்றும். கூச்சப்படுவாள் என்றால் நான் போனில் சொல்லிக்கொள்கிறேன். மாற்றி எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. போனில் அவள் பேச்சு குறைந்திருக்கிறது. என்னடி என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். வாயாடி என்று பெயர் வைத்ததற்காவது பேச வேண்டாமா. என்னவென்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 25

வாயாடியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் பரிசோதனைக்கான தேதி முடிந்துவிட்டது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இங்கே சீருடை சீசன், இடுப்பு ஒடிகிறது. பட்டன் வைக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வயதுக்கு ஏற்ற மௌனம், அவ்வளவுதான். நேற்று ஒரு தொளதொளச் சட்டை தைத்துக் கொடு என்று கேட்டாள். இப்போது எல்லாப் பெண்களும் அப்படித்தான் போடுகிறார்கள்.

அங்கே இருந்துகொண்டு இதை மாற்று, அதை மாற்று என்று எழுதுவது சுலபம். காலையில் தலை வாரிவிட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்ப்பவன் நான். என் பிள்ளையின் உடம்பு எனக்குத் தெரியாதா? நீ அவளைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவள் உன் மார்பளவுகூட இல்லை. இப்போது உன்னைவிட வளர்ந்துவிட்டாள். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஏப்ரல் 5

உங்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அவள் கேட்பாள். அதனால் ஒப்பந்தப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி நர்ஸ் என்னைப் போனில் அழைத்தார். வாயாடி தானாகவே அவர் அறைக்குப் போய், என் முதுகைப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் சம்மதமில்லை என்று எழுதியிருந்ததால் அவர் தொடவில்லை. பள்ளியில் அம்மா என்று என் நம்பரும் இருக்கிறதல்லவா, என்னைக் கேட்டார். உடனே பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு மறுபடி அழைத்தார். குனிந்தால் முதுகின் வலது பக்கம் மேடாக எழும்புகிறதாம். இடது தோள் நன்றாகவே இறங்கியிருக்கிறதாம். தாமதிக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டச் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

நான் கேட்க வந்தது வேறு. வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று நர்ஸ் அவளிடம் கேட்டிருக்கிறார். "அப்பாவுக்குத் தெரியும்" என்றாளாம்.

உங்களுக்கு என்ன தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? என் பிள்ளையின் உடம்பு எனக்குத் தெரியாதா என்று எழுதியிருந்தீர்களே. அந்தக் கடிதம் நர்ஸ் அழைத்ததற்கு மறுநாள்தான் என் கைக்கு வந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

மழுப்பாமல் எழுதுங்கள்.

(கையெழுத்து தேவையில்லை)


ஏப்ரல் 16

என் அன்புக்கு,

இப்படி உன்னை அழைக்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவதென்றும் தெரியவில்லை.

முதலில் டாக்டர் சொன்னது. படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பு நடுவில் வலப்பக்கமாக வளைந்திருக்கிறது. அவள் வளர வளர வளைவும் வளருமாம். உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் ஒன்று செய்து கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் தூக்கத்திலும் போட்டிருக்க வேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம். வளர்ச்சி நிற்கும்வரை அப்படித்தான். அதற்கும் கட்டுப்படாவிட்டால் ஆபரேஷன் என்றார். முன்பே வந்திருந்தால் வளைவு சின்னதாக இருந்திருக்கும், கட்டுப்படுத்துவதும் எளிது என்றார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இனி நீ கேட்டது. போன வருஷக் கோடைச் சீருடைக்கு அளவெடுத்தபோதே தெரியும். இடது தோளிலிருந்து எடுத்த அளவும் வலது தோளிலிருந்து எடுத்த அளவும் ஒத்துவரவில்லை. டேப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு, பை தூக்கித் தூக்கி இப்படி ஆகியிருக்கிறது, லீவில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த சீருடைக்கு எடுத்தபோது வித்தியாசம் கூடியிருந்தது. சட்டையின் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்தேன். கீழே மடிப்பை ஏற்றி இறக்கிச் சமன் செய்தேன். நீ சுவரில் ஒட்டி வைத்திருக்கும் போட்டோவில் அவள் நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருப்பவர்கள் கடைக்கு வருவது அபூர்வம். ஒருவருக்குத் தோள் சாய்ந்திருக்கும், ஒருவருக்குக் கூன் விழுந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அளவைச் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டு, குறையைத் துணிக்குள்ளேயே மறைத்துவிடுவோம். கண்ணாடியில் பார்த்து அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிடும். இதில் எனக்குப் பெருமைதான். வாடிக்கைக்காரர்களுக்குச் செய்ததையே பெற்ற பிள்ளைக்கும் செய்தேன். அவர்கள் துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் என் வீட்டில் வளர்கிறவள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

இதுவும் முழு உண்மை இல்லை. டாக்டரிடம் போனால் உன்னிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய். ஒற்றைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவனுக்குத் துப்பில்லை என்று உன் அண்ணன்மாரும் என் அக்காவும் பேசுவார்கள். அதற்குத்தான் பயந்தேன். சம்மதமில்லை என்று குறித்ததும் அதனால்தான்.

பஞ்சு இருப்பது அவளுக்கும் ரொம்ப நாளாகத் தெரிந்திருக்கிறது. விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றும்போது கூடப் படிக்கும் பெண் ஒருத்தி தோளை அமுக்கிப் பார்த்து, ஏன் ஒரு பக்கம் மட்டும் வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அதை இவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் அசிங்கமா இருக்கேன்னுதானேப்பா பஞ்சு வெச்சே?"

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டது உண்மை. அவளை நினைத்து இல்லை, என்னை நினைத்து. அதை அந்த வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஏப்ரல் 27

உங்களுக்கு,

லீவு கேட்டு வாங்கிவிட்டேன். இந்த மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் டிக்கெட் எடுக்கிறேன், மே கடைசியில் அங்கே இருப்பேன். உங்களுக்காக வரவில்லை, அதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். அண்ணன்மார் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கு நம் பிள்ளையின் முதுகைவிடப் பெரிதாகப் போய்விட்டதே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். ராணுவக்காரர் எங்கே உன் பெண் என்று கேட்டார். ஒட்டியது விட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவர் முதுகுக்குச் சோப்புப் போட்டேன். முன்பின் தெரியாதவர் முதுகை நான் இங்கே தேய்க்கிறேன், என் மகள் முதுகு எனக்குத் தெரியவில்லை. உங்களை மட்டும் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது.

கவசத்துக்கு மேலே போட அவளுக்குப் பெரிய சட்டைகள் வேண்டும். அவற்றை நீங்கள் தைக்க வேண்டாம். நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மெதுவாக. வேறு கடைக்குக் கூட்டிப் போங்கள். கோபித்துக்கொள்ளாமல் கூட்டிப் போங்கள்.

உங்களை நினைத்தால் நடுநடுவே பாவமாகவும் இருக்கிறது. அப்படித் தோன்றுவதே எனக்கு இன்னும் கோபமாக வருகிறது.

அவள் அம்மா


மே 8

வாயாடியின் அம்மாவுக்கு,

கவசம் வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் அழுதாள், என்னிடம் இல்லை, தலையணையிடம். இப்போது தானாகவே மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள். பின்பக்கப் பட்டையை இறுக்க மட்டும் ஆள் வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறாள்.

நேற்று நீ சொன்னபடி வேறு கடைக்குப் போனோம். கடைத்தெரு முனையில் ஒரு அம்மா தைக்கிறார், தெரியுமில்லையா? அவர் வைக்கும் காலரை நான் எத்தனை தடவை கிண்டலடித்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "நீங்க தைக்காததையா அண்ணே நான் தைக்கப்போறேன்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள், அப்பா தைக்க வேண்டாம் என்று. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் கடையிலும் அப்படி ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

கவசத்தோடு சேர்த்து அளவெடுத்தார். மார்பு, இடுப்பு, கை எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்ல, அவருடைய உதவிக்காரப் பெண் எழுதிக்கொண்டாள். தோளுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தார். நல்ல தையல்காரிதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். வாயாடி திரும்பினாள். "சத்தமா சொல்லுங்க அக்கா. எனக்கும் தெரியணும்" என்றாள்.

அவர் டேப்பை மறுபடி தோளில் வைத்தார். பிறகு வலது, இடது இரண்டையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சட்டை வாங்க வந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிந்தது நான்தான்.

வெளியே வந்ததும் தெருவில் நின்றே சொன்னேன். நீ அசிங்கமாக இல்லை, நான்தான் அசிங்கமாக நடந்துகொண்டேன் என்று. ஒத்திகை பார்த்துவைத்ததெல்லாம் மறந்துபோய் அவ்வளவுதான் வந்தது. அவள் சரி என்றாள். மன்னித்த சரியா, போதும் விடு என்கிற சரியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கு முன்னால் நடந்து போனாள். வீடுவரை பின்னாலேயே வந்தேன்.

நீ வரும் அன்று கதவை அவளே திறப்பாள். உள்ளே வந்ததும் கவசத்தைக் கழற்றச் சொல்லி அவள் முதுகைத் தொட்டுப் பார். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் அப்பா