அடிக்காமல் விட்ட வகையறா

இன்று காலை புதுச் சலவைக்காரரின் முதல் மூட்டை வந்தது. பிரித்ததும் இஸ்திரிச் சூட்டோடு சோப்பு வாசனை எழும்பியது. பேக்கிங் பெண்களின் தொப்பியும் கோட்டும் அத்தனை வெள்ளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்கள் இந்த ராஜபாளையத்தில் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்தி.

அப்போது நம் பேண்டேஜ் கம்பெனியில் நான் பர்ச்சேஸ் பிரிவு. நீ பேக்கிங் சூப்பர்வைசர், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். துணி வெளுக்க வெளியாள் அமர்த்த வேண்டும், வேலை விவரம் எழுது என்றார் முதலாளி. நான்தான் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவள் ஆயிற்றே! ஒரே மூச்சில் எழுதினேன்: 'தொப்பி, கோட்டு, துணி வகையறாக்களை நல்ல முறையில் வெளுத்துத் தர வேண்டும்.' படித்துப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

சலவைக்கடை அண்ணாச்சி தாளில் உள்ளதைச் செய்கிற மனிதர். வகையறா என்றால் வகையறா. ஆயுத பூஜைக்கு மெஷினில் கட்டி அவிழ்த்துப் போட்டிருந்த சிவப்புத் துணியையும் சேர்த்து அள்ளிப்போய், ஒரே தொட்டியில் ஊறப் போட்டுவிட்டார். ஆர்டர் தருவதற்காக வெளியூர் ஆட்கள் பார்வையிட வந்த காலையில், உன் பெண்கள் தலையிலெல்லாம் ரோஸ் தொப்பி. பேண்டேஜ் சுற்றுகிற இடமா, கல்யாண மண்டபமா என்று கேட்கிற மாதிரி.

"அந்த ஆள இன்னியோட நிப்பாட்டுங்க" என்று முதலாளி கொதித்தார். நம் வேலையை நம்பித்தான் அண்ணாச்சி புது மெஷின் வாங்கியிருந்தார். அவர் என் தாளை எடுத்து நீட்டினார். "வகையறான்னு போட்டிருக்கே, மொதலாளி..."

நான் என்ன செய்தேன்? தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்க்கதை என்றால் மூச்சுவிடாமல் பேசுகிற வாய்க்கு அன்று மௌன விரதம்.

நீதான் அந்தத் தாளை வாங்கினாய். "தப்பு தொட்டியில இல்ல மொதலாளி, தாளுல இருக்கு. எழுதுனது இவ, வாசிக்காம விட்டது நான். அவிய சொன்னதத்தான செஞ்சிருக்காவ?"

அண்ணாச்சி தப்பினார். பார்வையிட வந்தவர்களிடமும் நடந்ததை நீயே சொல்லி, தொப்பிகள் திரும்ப வெளுத்து வரும்வரை பேக்கிங்கை நிறுத்தினாய். அந்த நேர்மைக்குத்தான் ஆர்டர் கிடைத்தது என்று முதலாளி பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தானே நிறுத்தியதாகத்தான் சொன்னார், அது வேறு கதை.

மத்தியானம் கேண்டீனில் என்னைப் பிடித்து உட்காரவைத்தாய். "ஏட்டி, வகையறாவக் கல்யாணப் பத்திரிகையில போடு. வேலைத் தாளுல போடாத."

"பின்ன எப்படி எழுத?"

"என்ன துணி, எம்புட்டு, என்னைக்கு எடுக்க, என்னைக்குக் குடுக்க, எதோட எதப் போடக்கூடாது, கறை பட்டா யாரு பொறுப்பு. நல்ல முறைன்னா என்ன முறைட்டி? ஒன் வாய் மாதிரியே எழுதிவச்சிருக்க. ஆரம்பம் தெரியுது, முடிவு தெரியல."

எழுதி முடித்ததை அண்ணாச்சியிடமே வாசித்துக் காட்டச் சொன்னாய். செய்கிறவருக்குப் புரியாத தாள் தாளே இல்லை என்பது உன் கட்சி. அவரும் ஒரு வரி சேர்த்தார்: கோட்டுப் பையில் கிடக்கும் கொண்டை ஊசிகளைக் கம்பெனியே எடுத்துவிட்டுத் தர வேண்டும்.

அண்ணாச்சி வயதாகிக் கடையை மூடிவிட்டார். இப்போது வந்திருப்பவர் சுந்தரபாண்டியத்துக்காரர். நான் எழுதிய வேலைத் தாள் நாலு பக்கத்தையும் படித்துவிட்டு, "கேக்கதுக்கு ஒண்ணுமே இல்லையேக்கா!" என்றார். முதல் பரிசு வாங்கியவள்போல் நின்றேன். பாதிப் பரிசு உனக்கு. சரி, முக்கால்.

நீ போன பிறகு பதினாறாம் நாள் பத்திரிகை வந்தது. எந்தத் தாளில் வகையறாவைக் கண்டாலும் அடித்துவிடுகிற பழக்கதோஷம், சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். மகன்கள், மருமகள்கள், அண்ணன் தம்பிகள் எல்லாரும் பெயரோடு இருந்தார்கள். என் பெயரைத் தேடினேன். இல்லை. கடைசி வரியில், 'மற்றும் நண்பர்கள் வகையறா.'

பேனாவை மூடினேன். அந்த ஒரு வகையறாவை மட்டும் நான் அடிக்கவில்லை. அதில் இருப்பது நானல்லவா!