பன்வில ஏற்றத்தில் உங்கள் கார்

என் அன்பு அண்ணைக்கு,

ஒரு மனிதர் அன்பினால் செய்த காரியம் அவருக்கே கேடாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? இதற்கு என்னிடம் விடை இல்லை. சென்னையில் நான் படித்த இரசாயனத்திலும் இல்லை. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன். இந்தக் கடிதம் உங்களை வந்து சேரும் என்று நம்புகிறவள் நானல்ல. ஆனாலும் இது உங்கள் காரைப் பற்றிய விஷயம். வேறு யாருக்கு எழுதுவது?

உங்கள் கார் இன்னும் ஓடுகிறது. பள்ளத்தில் விழுந்த லொறியின் டீசல் இஞ்சினைத் தூக்கி அந்தப் பழைய காருக்குள் நீங்கள் வைத்தபோது கண்டியில் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன். இப்போது அதில்தான் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். ஓட்டுவது அதே கறுப்பையாதான். உட்காருவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தை அவர் விடவில்லை. உங்களிடம் சொல்வதுபோல "போறோம்ங்கய்யா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறார். நான் கேளாதவள்போல் இருந்துவிடுவேன்.

அவர் மனைவி இராமாயியை உங்களுக்குத் தெரியும். பன்விலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மார்கழி பிறந்ததிலிருந்து அவளுக்குக் காய்ச்சலும் நெஞ்சுவலியும். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த கலவையால் ஒன்றும் ஆகவில்லை. கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் படுக்கவைத்தே. பஸ் தோட்டம்வரை போகாது. அந்தப் பாதையின் பெயரைச் சொன்னதும் வாடகைக் கார்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மிஞ்சியது உங்கள் கார்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை இறங்கி அந்தப் பாதை சேறாகிவிடும். அதனால் விடியும்போதே புறப்பட்டோம். வத்தேகமவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்விலவைத் தாண்டி, தோட்டப் பாதை செங்குத்தாக எழும் வளைவில் கார் தளர்ந்தது.

"என்ன கறுப்பையா?"

"மிதிக்கிறேன்மா. அது கேக்க மாட்டேங்குது."

"கியரை மாத்திப் பாரும்."

"ஒண்ணுலதாம்மா நிக்குது. இதுக்குக் கீழ கழுதையத்தான் கட்டணும்."

கார் நின்றது. மேலே அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. நடந்தே போய் அவளைத் தூக்கி வந்துவிடுகிறேன் என்றார். தூக்கி வந்து எதில் ஏற்றுவது? காரைப் பின்னுக்கு உருட்டி இறங்கினோம். வெயில் ஏறிய பிறகு வத்தேகமக் கடைத்தெருவில் அது ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. அதை நம்பி அன்றே மறுபடி மலையேறத் துணியவில்லை. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது, அண்ணை? உயிரில்லாத ஒரு பொருள் நம்மை ஏளனம் செய்வதாக நினைப்பது மடமை. அன்று எனக்கு அந்த மடமை இருந்தது.

உங்கள் சிநேகிதர் காசிம் நானாவின் பட்டறையில் காரை விட்டேன். இஞ்சினைத் திறந்து மூடினார். வெள்ளைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இதுல ஒரு கொறையும் இல்ல. ஒங்கட அண்ணன் வச்ச மாதிரியே இரிக்கி."

"அப்ப ஏன் மலையில நிக்குது?"

"அத மலைக்கிட்டத்தான் கேக்கணும். எனக்கிட்ட வந்தா நல்லாத்தானே ஓடுது."

அடுத்த வாரம் மறுபடி போனோம். அதே வளைவு, அதே தளர்ச்சி. இந்த முறை லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து தள்ளிப் பார்த்தார்கள். ஒரு வளைவு ஏறியது, மறு வளைவில் நின்றது. இராமாயியை அவ்வளவு தூரம் தூக்கி இறக்கினால் மூச்சு தாங்காது என்றார்கள். "காரு நம்மள ஏத்துமா, நம்ம காரை ஏத்துறமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கறுப்பையாவும் சிரித்தார். பிறகு வண்டியின் மறுபக்கம் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

அதன் பிறகுதான் நான் ஒழுங்காக யோசிக்கத் தொடங்கினேன். காற்றுப் போகும் வழி அடைத்திருந்தால் கரும்புகை தள்ளியிருக்கும். எங்களுக்குப் பின்னால் புகையே இல்லை. பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் சுட்டிருக்கும். தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இஞ்சினே தேய்ந்திருந்தால் கண்டியிலும் இழுக்காது. ஆக, இஞ்சின் கேட்கும் டீசல் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் கண்டிக்கு வந்து வடிகட்டியைக் கழற்றினால் அது சுத்தமாக இருக்கிறது. மலையில் அடைத்து, ஊரில் தானாகத் திறந்துகொள்ளும் அடைப்பு எது?

அதை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்த ஒரு நாள், கறுப்பையா காரின் டீசல் தாங்கிக்குள் டின்னிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். டின் முடிந்ததும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து அதையும் ஊற்றினார். பிறகு இன்னொன்று.

"இது என்ன?"

"தேங்காண்ணெய்ம்மா. ஐயாவோட பழக்கந்தானே? டின்னுக்கு ஒரு போத்தல். இஞ்சினுக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கணும்னு சொல்லுவாருல்ல?"

"ரெண்டு ஊத்தினீரே?"

"ராமாயி படுத்ததுலேருந்து ரெண்டாத்தாம்மா ஊத்துறேன். அம்புட்டு ஏத்தம் ஏறணுமே, தெம்பு வேணாமா?"

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எப்படி இருக்கும் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? வெயிலில் வைத்தால்தானே அது உருகித் தலைக்கு வரும்?

ஆனாலும் சந்தேகம் என் சுபாவம். தாங்கியிலிருந்து ஒரு குப்பியிலும், கலக்காத டீசல் ஒரு குப்பியிலும் எடுத்து, ஹோட்டலில் இருந்து வாங்கிய ஐஸில் இரண்டையும் வைத்தேன். கலக்காதது தெளிவாகவே இருந்தது. கறுப்பையாவின் குப்பி மெல்லக் கலங்கி, அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. உள்ளங்கையில் பிடித்ததும் மறைந்துபோனது. மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் திரண்டது.

உங்கள் காலத்தில் ஏன் இப்படி நடக்கவில்லை என்பதும் விளங்கியது. நீங்கள் பத்து மணிக்கு முன் எழும்பாத மனிதர். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மலையேறுவீர்கள், அதுவும் பங்குனி சித்திரையில். விடிகாலைப் பனியில் அந்தக் கார் ஒரு நாளும் பன்விலவைப் பார்த்ததில்லை. உங்கள் வேடிக்கை உங்களுக்குச் சரியாகத்தான் இருந்தது. நீங்கள் போன பிறகு அது ஒருவருக்கு விரதமாகிவிட்டது. உங்களை நான் குற்றம் சொல்லவில்லை, அண்ணை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருமா? அப்படியானால் இராமாயி இழந்த அந்த இரண்டு வாரங்கள் யார் கணக்கில்?

இன்று தாங்கியை வடித்து, குழாயையும் வடிகட்டியையும் மண்ணெண்ணெயில் கழுவி, சுத்தமான டீசல் ஊற்றச் சொன்னேன். "பழசில அழுக்கு" என்று மட்டும் சொன்னேன். ஐயாவுடைய போத்தல் வேண்டாமா என்று கேட்டார். நாளைக்கு வேண்டாம் என்றேன். முகம் வாடி, அதை இருக்கைக்கு அடியில் திரும்ப வைத்தார். இராமாயி இப்போது கஞ்சியும் குடிப்பதில்லை என்று பின்னேர பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நாளை கார் ஏறும் என்று நினைக்கிறேன். ஏறுவதால் என்ன ஆகும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இவ்வளவு எழுதியும் தொடக்கத்துக் கேள்விக்கு விடை வரவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன், உங்கள் பெயரைக் காப்பாற்றுவதற்காகக்கூட.

உங்கள் காரை வைத்திருக்கும்,
உங்கள் ஒரே தங்கை.

மறுநாள் நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

கார் ஏறியது. அந்த வளைவில் கறுப்பையா மிதித்தார், இஞ்சின் கேட்டது. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அந்தப் போத்தலாம்மா?"

"ஓம்."

"ஐயா இருந்தப்ப ஏறுச்சே?"

"அண்ணை வெயிலிலதானே வருவார். குளிரில எண்ணெய் உறைஞ்சு வழியை அடைச்சுப்போடும்."

"ஆமாமா, ஐயா எந்திரிக்கவே பத்து மணியாகும்." சிரிக்கப் பார்த்தார். அடுத்த வளைவு கழிந்து, "அப்ப அன்னைக்கே ஏறியிருக்கும்" என்றார்.

அதற்கும் ஓம் என்றேன்.

லயத்துப் பெண்கள் இராமாயியைப் போர்வையோடு தூக்கி வந்து பின் இருக்கையில் கிடத்தினார்கள். அவள் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து, "காரு வந்துருச்சா?" என்று கேட்டாள். வத்தேகம வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பையா" என்றேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"லயத்துக்கே போயிருவோம்மா. அங்கதானே எல்லாரும் இருக்காங்க."

காரைத் திருப்பினார். அதற்குள் வெயில் நன்றாக ஏறியிருந்தது. அன்று இரண்டாம் முறை ஏறியபோதும் அந்த மலையில் ஒரு வளைவிலும் கார் தளரவில்லை.