ஏழு விரல்

மர்பி டவுன், பெங்களூர்
21.2.1998

தீபிகாவின் அப்பாவுக்கு,

சின்னத்தாயி எழுதுவது. நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? உங்கள் வயிற்றைப் பற்றிப் பிறகு விசாரிக்கிறேன், முதலில் இதைப் படியுங்கள். எழுத எழுதக் கை பரபரக்கிறது.

குழந்தைக்குப் புத்தி மந்தம், பள்ளியை நிறுத்தி வேலூரில் அக்கா வீட்டில் விட்டுவிடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவள் டீச்சரும் அதையேதான் சொன்னார். நானும் சரியென்றுதான் இருந்தேன், மறைப்பானேன்.

இந்த மாதம் பள்ளிக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். டிகிரி முடித்துவிட்டு, குறையுள்ள பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று மேலே படிக்கிறவர்கள். இங்கே பயிற்சி. ஒருத்திக்குத் தார்வாட், ஒருத்திக்குக் கேரளா, ஒருத்தி வீட்டில் உருது. ஷில்லாங்கிலிருந்து வந்தவள் பெயர் பெட்டி. பூட்டு எங்கே என்று கேலி செய்தேன். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது, பாவம், சும்மா சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். தார்வாட் பெண் ஒரு படத்தைக் காட்டி 'ஹேளு, ஹேளு' என்றாள். சொல்லு என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். தீபிகா வழக்கம்போல விரல்களைத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

அப்போது பெட்டி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஏன் சரியாக ஏழு விரலையே காட்டுகிறாள் என்று கேட்கிறாளாம், டீச்சர்தான் சொன்னார். பேச்சு புரியாததால் பெட்டி குழந்தையின் விரலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நம் வீட்டில் ஏழு என்பதை 'ஏளு' என்றுதானே சொல்கிறோம்? ஹேளு என்பது தீபிகா காதில் ஏளு என்று விழுகிறது. இத்தனை நாளும் குழந்தை காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை காதைச் சோதித்தார்கள். 'ஹ' மாதிரி காற்றாக வரும் மெல்லிய சத்தங்கள் விழவில்லையாம். காதில் மிஷின் மாட்டினால் இதே பள்ளியில் எல்லாரோடும் படிப்பாள் என்கிறார்கள். தார்வாட் பெண் தன் நோட்டில் 'புரிந்துகொள்வதில்லை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்கு நான் தமிழில் எண்ணக் கற்றுத்தருகிறேன். ஏழு வரை வந்திருக்கிறாள்.

வேலூர் பேச்சை விட்டுவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்னொன்று. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அல்போன்சா அக்கா கடைக்குப் போன் செய்யும்போது என்னோடு மட்டும் பேசி முடித்துப் போனை வைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷமாகக் குழந்தையிடம் கொடு என்று நீங்கள் கேட்டதில்லை. இந்தத் தடவை நானே கொடுக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நிதானமாக, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். பதில் வரத் தாமதமானாலும் வைத்துவிடாதீர்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் சின்னத்தாயி