செவலைக்கு வைத்த கருமாதிச் சோறு

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஆறு மணிக்கு நம் தொழுவத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. செவலையின் சோளத்தட்டோடு தினமும் ஒரு கைப்பிடி மாவு சேர்ப்பது. நாலு நாள் கழித்து இரண்டு கைப்பிடி. கூட்டத்தில் கலந்துகொண்டது நானும் மாடும். எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. காலையில் திருப்பூருக்குப் போகிறேன், பனியன்களைப் பெட்டியில் அடுக்கச் சொல்கிறேன், ஊத்துக்குளிக்குத் திரும்பி வருகிறேன். அழுதாயா என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அழுகை வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கம்பெனியில் பாக்கெட் பால் டீ குடிப்பதும் தொடர்கிறது. அதை நீங்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பாக்கெட் பால் நம் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது உங்கள் சட்டம்.

உங்கள் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கால்நடை டாக்டரம்மா பால் சங்கத்துக்கு வந்து பேசியதை எழுதிவைத்தீர்களே, அதுதான். மாட்டின் வயிற்றுச் சுவரில் மரபணுக்கள் எல்லாம் எப்போதும் இருக்கும். எது சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பதைத் தீனி தீர்மானிக்கும். புரியவில்லை என்றேன்.

"உன்ற கம்பெனி மாதிரித்தான் கண்ணு. மிசின் பூராவும் இருக்கும். வந்த ஆர்டருக்கு எது வேணுமோ அதுதான் ஓடும்" என்றீர்கள்.

நீங்கள் போனபோது செவலை சினை. பால் வற்றிய நாளிலிருந்து வெறும் சோளத்தட்டுதான். மாவுத் தீனி புளித்து வரும் அமிலத்தை உறிஞ்சி எடுக்கும் மரபணுக்கள் அப்போது ஓய்ந்து கிடக்குமாம். கன்று போட மூன்று வாரம் இருக்கையில் ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்ல எழுப்ப வேண்டும். நோட்டில் அந்தத் தேதியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால் உங்கள் கருமாதி வந்தது.

பந்தியில் சோறு மிஞ்சியது. பெரியப்பா அதை வீணாக்க விடவில்லை. "அவ வளத்த மாடு சாமி. அது வாயில வெச்சா அவளுக்கே போய்ச் சேருமுங்க" என்றார். தொழுவத்தில் வரிசை நின்றது. முதல் கை உடன்பிறந்தவன் வைக்க வேண்டும் என்றார்கள். நோட்டு எனக்கு மனப்பாடம். வைத்தேன்.

மறுநாள் மாடு எழவில்லை. டாக்டரம்மாவைச் செல்போனில் பிடித்து வரவழைத்தேன். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் சோறு வைத்தது என்று கேட்டார்.

"எல்லாருமுங்க. ஆளுக்கு ஒரு கைதானுங்க" என்றார் பெரியப்பா.

"மொத்தம் எத்தனை கைங்க?"

பெரியப்பா யோசித்தார். "நல்ல கூட்டமுங்க" என்றார், சற்றுப் பெருமையாக.

அத்தனை சோறும் உள்ளே புளித்து அமிலமாகியிருந்தது. அதை எடுத்துப் போக வயிற்றுச் சுவர் தயாராகவில்லை. அந்தச் சுவர் விழித்துக்கொள்ளச் சில வாரம் வேண்டும். நாங்கள் ஒரு மத்தியானம் கொடுத்தோம். மரபணுக்களுக்கு யாரும் பத்திரிகை வைத்திருக்கவில்லை. டாக்டரம்மா குழாய் விட்டுக் கழுவினார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். மூன்றாம் நாள் செவலை எழுந்து நின்றது. வயிற்றில் புண் ஆறும்வரை தட்டு மட்டும் என்றார். மாவு தொடங்கலாம் என்று நேற்றுத்தான் சொன்னார்.

அந்தச் சோறு உங்களுக்கு வந்து சேர்ந்ததா அக்கா? பெரியப்பா கேட்கச் சொன்னார். நான் ஏன் கையை நீட்டினேன் என்று நீங்கள் கேட்கவும் போவதில்லை.

வருஷத் திதிக்கு எவ்வளவு சோறு மிஞ்சினாலும் தொழுவத்தைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

செவலை பத்து நாள் முன்னதாகவே கன்று போட்டது. கிடேரி. மடியில் பால் இறங்கவில்லை. கன்றுக்குப் பாக்கெட் பால் வாங்கி ஊற்றுகிறேன்.

உங்கள் தம்பி,
கந்தசாமி