புது ஹெட்போனை ஓட விட்ட நாட்கள்

1986 ஆனி 4

சவூதியில் அண்ணையோடு வேலை செய்யும் சூசைதாசன் லீவில் வந்திருக்கிறார். அண்ணை கொடுத்துவிட்ட ஹெட்போனை இன்று கொண்டுவந்து தந்தார். ஐயா கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கட்டும் லவுட்ஸ்பீக்கர் செற்றுக்கு. கறுப்பு. காதை முழுதாக மூடுகிறது.

"புதுசிலை சத்தம் இறுகித்தான் இருக்குமாம். கொஞ்ச நாள் விடாமல் பாட்டுக் கசற் ஓட விட்டால் திறக்குமாம்" என்றார். அந்த வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் நிற்கிறவள் நான்தானே.

அவர் தேத்தண்ணி குடித்து முடியும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ளை கதைக்காதோ?" என்று கேட்டார்.

"கதைக்கும். ஆருக்கும் கேக்காது" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனி 6

நாதஸ்வரக் கசற். ஹெட்போன் மேசையில் கிடந்து தன்பாட்டில் வாசிக்கிறது. ஓட விடத்தான் சொன்னார்கள். நான் மாட்டிக் கேட்டேன். தவிலுக்குப் பின்னால் வெண்கலத் தாளம், சின்னதாக, பளிச்சென்று. வாசிக்கிறவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது! அம்மா வந்து தோளில் அடித்தபோதுதான் கறி அடிப்பிடித்தது தெரிந்தது.

பின்னேரம் ஐயா மாட்டிப் பார்த்தார். "தாளம் கேக்கேல்லை. இன்னும் திறக்கேல்லை. ஓட விடு."

ஆனி 9

பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குச் செற் பேச, கோயிலை நடத்தும் சண்முகநாதன் மாமா வந்தார். போன வருடம் பிரசங்கம் முழுக்க மைக் கீச்சிட்டதை அவர் மறக்கவில்லை.

"சனம் காதைப் பொத்திக்கொண்டு இருக்குது, பரமலிங்கம். நீ பக்கத்திலை நிண்டு வெத்திலை சப்புறாய்! இந்த முறையும் கீச்சிட்டால் அச்சுவேலிச் செற்காரருக்குக் குடுத்துப்போடுவன்."

"ஹெட்போன் வந்திட்டுது. கீச்சிட வெளிக்கிட்டால் காதிலை உடனை தெரியும். இனி உதுகள் நடவாது" என்றார் ஐயா.

மாமா போனபிறகு அம்மா சொன்னா, கோயில் கைவிட்டால் கலியாண வீடுகளும் கைவிட்டுவிடுமாம். அதற்குப் பிறகு ஐயா என்ன செய்வார்? வேறு தொழில் தெரியாது.

ஆனி 12

இன்னொரு கசற். "இன்னும் ஓட விடு."

ஆனி 15

எனக்கு முதல் நாளே கேட்டதே. நான் கேட்பதுதான் பிழையோ? அம்மாவின் தலையில் மாட்டிவிட்டேன். "ஐயோ, தாளம் காதைக் குத்துது. கழட்டடி."

அப்படியென்றால் — எழுத வேண்டாம்.

ஆனி 16

எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஒரு இடத்தில் இருக்கவும் முடியவில்லை. கிணற்றடிக்கும் அறைக்குமாக நடக்கிறேன்.

போன வருடத்திலிருந்து ஐயா என்னை ஏசுவது ஒன்றுதான்: "வாய்க்குள்ளை முணுமுணுக்காதை." என் குரல்தான் சிறுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். வெட்கத்தில் இன்னும் குறைத்துக் கதைத்தேன். பிறகு கதைக்காமலே விட்டேன்.

இத்தனை வருடமாக அந்தக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேதானே நின்றார்.

ஆனி 19

ஞானாம்பிகை அக்கா வீட்டுச் சடங்குக்கு ஐயா பனையில் ஏணி வைத்து ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு நின்றார். ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. சனமெல்லாம் கத்திக்கொண்டு வடலிப் பனைகளுக்குள் ஓடியது. ஐயா கயிற்றை முடிந்துகொண்டே நிற்கிறார். நான் கூப்பிட்டேன். குரல் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன, கேட்டிருக்குமோ? தலைக்கு மேல் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். சுடவில்லை. சுட்டிருந்தால்?

"பரமலிங்கண்ணைக்கு ஹெலியும் ஒண்டு, காகமும் ஒண்டு" என்றா ஞானாம்பிகை அக்கா. ஐயாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து, அவ என்ன சொன்னவ என்று அம்மாவிடம் கேட்டார்.

ஆனி 20

இன்று சொல்ல நினைத்தேன். கசற்றைத் திருப்பிப் போட்டேன்.

ஆனி 22

ஐயா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "போடு பாப்பம்" என்றார். நான் கசற்றைப் போடவில்லை. மைக்கைச் செருகிச் சத்தத்தைக் கூட்டினேன். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"ஐயா, ஹெட்போன் எப்பவோ திறந்திட்டுது. தாளம் எனக்குக் கேக்குது. அம்மாவுக்கும் கேக்குது."

ஏசுவார், கழற்றி எறிவார் என்று பார்த்தேன். இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கதை" என்றார்.

என்ன கதைப்பது? கறி அடிப்பிடித்ததைச் சொன்னேன். ஹெலி வந்தபோது நான் கூப்பிட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அவரின் கண் கலங்கிவிட்டது.

"சண்முகநாதனுக்குத் தெரிஞ்சால் எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை."

"செற்றிலை நான் இருக்கிறன்."

நான்தான் சொன்னேன். கோயிலில் அவ்வளவு சனத்துக்கு முன்னாலோ!

ஆடி 5

கொடியேற்றம். செற்றுக்கு முன்னால் கதிரையில் நான். தலையில் ஹெட்போன். எல்லோரும் பார்த்தார்கள். நான் நிமிரவே இல்லை.

சண்முகநாதன் மாமா வந்துவிட்டார். "உவளை ஏன் இஞ்சை கொண்டந்து இருத்தினனி? ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

பிடிபட்டோம் என்று நினைத்தேன். ஐயா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"எனக்குக் காது மந்தம். உவள்தான் செற் பாக்கிறாள்."

மாமா ஐயாவுக்குக் கிட்ட வந்தார். "அப்ப, போன வருசம் கீச்சிட்டதும் உதாலைதானோ?"

"ஓம்."

மாமா என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, நீ சமாளிப்பியோ?"

"ஓம்."

"என்ன?"

"ஓம் மாமா!" பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆடி 17

திருவிழா முடியும்வரை மைக் ஒருக்காலும் கீச்சிடவில்லை. நாளைக்கு அச்சுவேலியில் கலியாண வீடு. வெள்ளென எழும்ப வேண்டும். நான் சைக்கிளில் முன்னால். ஐயா மற்றச் சைக்கிளில் செற்றுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால். ஹெலிச் சத்தம் கேட்டு நான் இறங்கினால், ஏன் எதற்கென்று கேட்காமல் அவரும் இறங்கிவிட வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.