முப்பத்தைந்து என்று சொன்னேன்

அக்கா,

போன வாரம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தேன். வண்டி லேட். பெஞ்சில் இடம் கிடைக்காத ஒரு அம்மாள் பிளாட்பாரத்தில் வெறும் சாக்கு ஒன்றை விரித்து உட்கார்ந்திருந்தாள். மீன் தீவனச் சாக்கு. பழக்கதோஷம், குனிந்து அதில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, ஈரம் இவ்வளவு. அதற்குக் கீழே தனித்தனி வரிகளில் லைசின் இவ்வளவு, மெத்தியோனின் இவ்வளவு. கடைசி இரண்டு வரிகளும் நம் காலத்துச் சாக்கில் கிடையாது.

நான் நகராமல் நிற்பதைப் பார்த்த அந்த அம்மாள், "சாக்கு ஓணுமா சாமி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். வண்டி வந்ததும் அவள் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறிப்போனாள். நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

நகரியில் நைனா கூலிக்கு ஓட்டிய விசைத்தறியின் சத்தத்தில் நாம் இருவரும் வளர்ந்தோம். நான் திருப்பதிக்குப் போய் கெமிஸ்ட்ரி படித்தேன். உன்னைப் பாலசமுத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா வீட்டுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம் ஒரு பள்ளம். நெல் வைத்தால் தண்ணீர் நின்று அழுகிப்போகும். "நெல்லு வேணாம், மீன் குஞ்சு வுடலாம்" என்று சொன்னது நீதான். மாமா சிரித்தார். நாலு குட்டை வெட்டினீர்கள். பாலித்தீன் பையில் காற்று அடைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த ரோகு, கட்லாக் குஞ்சுகளை நீ முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கிய அன்று நானும் இருந்தேன். எள்ளுக்குக் கண் முளைத்த மாதிரி இருந்தன. அவற்றை விரல் நீளத்துக்கு வளர்த்து, ஏரி குத்தகைக்காரர்களுக்குக் கொடுப்பாய். இரண்டு மூன்று வருஷத்திலேயே உன் குஞ்சுக்கு ஆள் தேடி வர ஆரம்பித்தார்கள். கைராசிக்காரி என்றார்கள். அதைக் கேட்டால் உனக்கு வெட்கம் வரும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விடுவாய்.

நீ போட்ட தீவனம் உன் சொந்தக் கலவை. வேர்க்கடலைப் புண்ணாக்கு, தவிடு, அதோடு பலமனேர் பக்கம் பட்டுநூல் எடுக்கிற கொட்டகைகளில் மிச்சமாகும் பட்டுப்புழு. வெந்த புழுவை வெயிலில் காயவைத்து இடித்துத் தூளாக்குவாய். அந்த நாற்றத்துக்கு நான் உன் வீட்டுக்குள் வரவே யோசிப்பேன்.

"நாத்தம் அடிச்சா இன்னாடா? குஞ்சு அத்தைத்தான் மொய்ச்சிகினு துன்னுது" என்பாய்.

அந்த வருஷங்களில் ரேணிகுண்டாவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புதிது புதிதாக ஷெட் எழும்பியது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று காலம் மாறியிருந்தது. அப்படி எழும்பிய ஒரு தீவன ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. லேப் என்று ஒரே ஒரு அறை, அதில் நான் ஒருவன். தீவனத்தை ஆசிடில் கொதிக்கவைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனை அளந்து, ஆறேகாலால் பெருக்கினால் புரதம் எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். ஒருநாள் விளையாட்டாக உன் கலவையையும் ஒரு பொட்டலம் எடுத்துப்போய்ச் சோதித்தேன். முப்பத்திரண்டு வந்தது. எங்கள் குஞ்சுத் தீவனம் முப்பத்தைந்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உன்னிடம் ஓடிவந்தேன்.

"உன்னுது முப்பத்திரண்டு அக்கா. எங்களுது முப்பத்தஞ்சு."

"மூணு தானடா கம்மி?"

"அந்த மூணுலதான் எல்லாமே கீது."

காயப்போட்டிருந்த புழுவைக் காலால் தள்ளிவிட்டாய். "நீ படிச்சவன். நீ சொன்னா சரிதான்" என்றாய். பலமனேர்க்காரனுக்கு இனிமேல் புழு வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் ஆலைத் தீவனத்துக்கு மாறினாய்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. எங்கள் தீவனத்தில் அப்போது நல்ல கருவாட்டுத் தூள் சேர்த்தார்கள். குஞ்சு மளமளவென்று ஏறியது. நீ ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினாய். அதன்பிறகு கடற்கரைப் பக்கம் இறால் குட்டைகள் பெருகின. கருவாடெல்லாம் இறால் தீவனத்துக்குப் போக ஆரம்பித்தது. எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மேனேஜர் ஒரு லாரி நிறையக் கோழி இறகுத் தூளை இறக்கினார். இறகை ஆவியில் வேகவைத்துப் பொடித்தது. நம் ஜில்லாவில் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமா? கருவாட்டுத் தூளை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததைச் சோதித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து. துல்லியமாக.

லேப் அலமாரியில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அதில் ஒரு அட்டவணை. புரதம் என்பது ஒரே சரக்கு இல்லை, அமினோ அமிலங்கள் என்று பல துண்டுகள் சேர்ந்ததுதான் புரதம் என்று அதில் இருந்தது. குஞ்சுப் பருவத்தில் மீனுக்கு ஒவ்வொன்றும் இன்ன அளவில் வேண்டும். லைசின் குறைந்தால், மெத்தியோனின் குறைந்தால், மற்றதெல்லாம் கொட்டிக் கிடந்தாலும் உடம்பில் சதை ஏறாது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு இது சட்டென்று புரிந்தது. கட்டம் போட்ட லுங்கிக்கு ஒரு கலர் நூல் தீர்ந்தால் மீதி எத்தனை கண்டு இருந்தும் தறி நிற்கத்தானே வேண்டும்? இறகுத் தூளில் புரதம் ஏராளம். அந்த இரண்டும் மட்டும் சொற்பம். அட்டவணையில் பட்டுப்புழுவுக்கு நேரே பார்த்தேன். இரண்டும் நிறைய இருந்தன. வேர்க்கடலைப் புண்ணாக்கில் குறைவதை உன் நாற்றமெடுத்த புழு இவ்வளவு நாளும் ஈடுகட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நான் கோழை என்றாலும் அதைச் சொன்னேன். அவர் ஏதோ ரசீது எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே தெலுங்கில், "நம்பர் வஸ்துந்தா, லேதா?" என்று கேட்டார். நம்பர் வருகிறது என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். ஒவ்வொரு லாட் சரக்கோடும் லேப் அத்தாட்சி என்று என் கையெழுத்துதான் போகும். போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் நீ ஆள் அனுப்பினாய். வந்தேன். காலை வெயில் அப்போதுதான் கரையில் விழுந்திருந்தது. சோறு தின்னும் தட்டில் தண்ணீர் விட்டு ஏழெட்டுக் குஞ்சுகளை அள்ளி வைத்திருந்தாய்.

"இத பார்றா. தலைதான் பெருசா கீது. உடம்பு ஏறவே இல்ல. வாலெல்லாம் அரிச்சாப்ல ஆயிட்டுது."

பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே இருந்தது.

"மேதல எதனா மாத்திட்டாங்களாடா?" என்றாய். தீவனத்தை நாம் தெலுங்கில் மேத என்றுதானே சொல்வோம்.

"இல்லக்கா. ப்ரோட்டீன் அதே முப்பத்தஞ்சு. நான்தான் டெஸ்ட் பண்றேன்."

"நீயே பண்றியா?" உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். "அப்ப தண்ணிலதான் ஏதோ கோளாறு."

நாலு குட்டையையும் இறைத்தாய். நீயும் மாமாவும் சேறு வாரினீர்கள், சுண்ணாம்பு போட்டீர்கள். சுண்ணாம்பு பட்டு உன் கால் விரலிடுக்கெல்லாம் வெந்திருந்தது. குஞ்சு வாங்குகிற இடத்தையும் மாற்றினாய். இவ்வளவையும் நீ செய்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேணிகுண்டாவில் என் வாடகை வீட்டுப் பின்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வைத்து ஐம்பது ஐம்பது குஞ்சு விட்டேன். ஒன்றுக்கு எங்கள் தீவனம். மற்றதற்கு எங்கள் தீவனத்தோடு பட்டுப்புழுத் தூள். ஆமாம், பலமனேருக்கு நானே பஸ் ஏறிப்போய் வாங்கிவந்தேன். நாற்பது நாளில் புழுத் தொட்டியில் குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து துள்ளின. இன்னொன்றில் இருபதுக்கு மேல் மிதந்துவிட்டன. மிச்சம் உன் தட்டில் பார்த்த அதே பெருந்தலைக் குஞ்சுகள். இரண்டு தொட்டியையும் ஸ்வர்ணமுகி ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷமும் அப்படியே ஆனபோது நீ ரேணிகுண்டாவுக்கே வந்தாய். ஆலை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். உன் டீயில் ஆடை படிந்தது. நீ குடிக்கவில்லை.

"பழையபடி புழுத்தூளே இடிச்சிப் போட்டா இன்னாடா?"

அந்தக் கேள்வியை நீ கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குஞ்சு பிழைத்திருக்கும். பிழைத்தால் தீவனம்தான் காரணம் என்று நாலு ஊருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்து யாருடையது என்றும் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் காரணம் என்று இப்போது எழுதுகிறேன். அந்த நேரத்தில் இப்படி எதையும் நான் யோசித்ததாக நினைவில்லை. வாய் தானாகப் பேசியது.

"அது முப்பத்திரண்டுதான்கா. கீறதும் கெட்டுப்பூடும்."

நீ தலையாட்டினாய். கொஞ்சநேரம் உன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "தண்ணிய மாத்திட்டேன். குஞ்ச மாத்திட்டேன். மேதயும் நல்ல மேத. இனிமே மாத்தறதுக்கு இன்னா கீது? என் கைதான்டா சரியில்ல" என்றாய். நான் உனக்கு வேறு டீ சொன்னேன்.

கைராசிக்காரி என்றவர்களே உன் கையைப் பற்றி வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். குத்தகைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். பக்கத்துக் கொல்லையில் நாற்று நடவுக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று மாமா ஒருமுறை சொன்னார். குட்டைகளைத் தூர்த்தீர்கள். மகள் அமுதாவை நகரியில் அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பெங்களூருக்குப் போனீர்கள். அங்கே கட்டிடங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. மாமா சென்ட்ரிங் வேலைக்குப் போனார். நீ அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தாய். சமையலுக்குக் கூப்பிட்டால் போகமாட்டாயாம். மாமா சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகும் நீ ஊருக்குத் திரும்பவில்லை. எந்த ஆலைக்குப் போட்ட கையெழுத்துக்காக வாயைப் பொத்தினேனோ அந்த ஆலையும் சில வருஷத்தில் மூடிப்போனது. நான் வேறு கம்பெனி, அதைவிட நல்ல சம்பளம் என்று போய்விட்டேன்.

சிறுநீரகம் கெட்டு உன்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பதினோரு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். எப்போது சொல்வது என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். பக்கத்துக் கட்டில்காரியிடம் நீ என்னைக் காட்டி, "எங்க தம்பி. மீனுக்குத் துன்றதுக்கு என்ன குடுக்கணும்னு கண்டுபிடிக்கறவன்" என்றாய். அவள் தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஏதோ கேட்டாள். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை நீ இல்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அமுதாவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போதே ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. இறகுத் தூள், புத்தகம், இரண்டு தொட்டி, டீக்கடை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அவள் ஈர முடியை உதறி முடிந்துகொண்டாள். "பாப்பா பொறந்தப்போ வாயில சக்கரத்தண்ணி வெக்கறதுக்கு அம்மாவத்தான் மாமா கூப்பிட்டேன். வந்துது. பார்த்துகினே நின்னுது. வெக்கல" என்றாள். "தூக்கு மான்னு மடியில குடுத்தேன். கைய பின்னால கட்டிகினு, வேணாம், என் கை வளர்ற புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லிடுச்சு. ரெண்டு வருஷமா ஒருவாட்டிகூட தூக்கல. கிறுக்குன்னு நெனச்சிகினு நான்தான் திட்டுவேன்."

அப்புறம், "சாப்ட்டுட்டுப் போ மாமா" என்று இலை போட்டாள். சாப்பிட்டேன்.

அவள் என்னை விலக்கவில்லை. பண்டிகைக்குப் போன் செய்கிறாள். மாதம் ஒருமுறை நானும் போகிறேன். ஃபேக்டரி பஸ் வரும் நேரத்தில் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ஓடுகிறாள். உன் பேத்திக்கு இப்போது ஐந்து வயது. உன் மூக்கு. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தாத்தா என்று ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டுகிறாள். நான் அவளைத் தூக்கிக்கொள்கிறேன் அக்கா.