சம்பந்தி தட்டில் நான் வைத்த காது

கொச்கோர்,
மே மாதக் கடைசி.

அன்பு மகள் அக்மராலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி எல்தோஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மாடுகள் சுகம், சிவப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நீயும் மாப்பிள்ளை மிர்லானும் என் பேரன் சன்ஜாரும் அந்த யெகாதெரின்பர்க் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க அல்லா அருள் செய்யட்டும். முறைப்படி இதையெல்லாம் இன்னும் நீட்டி எழுத வேண்டும்தான், ஆனால் என் கோபம் அதுவரை பொறுக்காது. போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருமுகிறார், நான் பாதியை விழுங்கிவிடுகிறேன். கடிதம் என்றால் நடுவில் யாரும் இரும முடியாது. உங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், முதலில் நீ தனியாகப் படி, அப்புறம் தாராளமாக மாப்பிள்ளையிடம் கொடு, அவரும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்.

போன வெள்ளிக்கிழமை சம்பந்தி ஷர்ஷேன் ஆடு அறுத்து எங்களை அத்பாஷிக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். நல்ல விருந்து, குறை சொல்ல மாட்டேன். ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள், நானும் கத்தியை எடுத்துக் கன்னத்தை அரிந்து பெரியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று காதை அறுத்து வீட்டிலேயே சின்னதுக்குக் கொடுப்போமே, அந்தக் காதில் நான் கத்தி வைக்கிற நேரம் பார்த்து ஷர்ஷேன் ஆரம்பித்தார். "சம்பந்தி, ஜூலைல சன்ஜார் வர்றான். நூல் அறுக்கிற சடங்க இங்கயே வெச்சு ஊரைக் கூட்டிடுவோம். அன்னைலேருந்து அவன் எங்க புள்ள. மிர்லான் சொல்லிட்டான், வரும்போது மூணு பேரு, போகும்போது ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு ஊரே வாழ்த்தியது போலச் சிரித்தார். நடை பழகும் பிள்ளையின் காலில் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டி, ஓடி வந்து ஜெயித்தவன் அதை அறுத்துவிட்டால் பிள்ளை தடுக்கி விழாமல் நடக்கும் என்பார்கள். காலில் கட்டியதை அறுத்துவிட்டுக் கழுத்தில் கட்டப்போகிறார்களா என்று எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அர்த்தம். அவள் மிதித்தால்தான் எனக்கு வாய் திறக்கும் என்று இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் காதை அறுத்தேன், நேராக ஷர்ஷேனின் தட்டில் வைத்தேன். "இன்னைக்குச் சொன்ன பேச்சு கேக்க வேண்டியது நீங்கதான், சாப்பிடுங்க" என்றேன்.

யாரோ ஒருவருக்குப் புரையேறியது. ஷர்ஷேனுக்கு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "பொண்ணு குடுத்தவருக்கு இதுல பேச்சே கெடையாது. மூத்த பேரன் தாத்தா வீட்டுக்குங்கிறது நம்ம வழக்கம், நானா கண்டுபுடிச்சேன்?" என்று கேட்டார். "வழக்கத்தை நீங்க காதால கேட்டிருக்கீங்க சம்பந்தி, நான் அதுலயே மாட்டி வளந்தவன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கொச்கோர் பாலம் தாண்டியதும் உன் அம்மா, "காதை அங்க வெச்சது சரி, தலையைச் சாப்பிட்டுட்டு வெச்சிருக்கலாம்" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் என் பக்கம்தான்.

இனி உன் விஷயம். நீ போனில் என்ன சொன்னாய்? "அப்பா, ரெண்டு வருஷம்தான், ஊர்ல இல்லாததையா செய்யறோம், ரெண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை, இங்க குழந்தைக் காப்பகத்துல இடமே கிடைக்கல, அங்க இருந்தா நல்ல காத்து, குதிரைப் பால், அவன் நல்லாத்தான் வளருவான்" என்றாய். வளருவான், யார் இல்லையென்றது? நானும் நன்றாகத்தான் வளர்ந்தேன். என்னையும் ரெண்டு வருஷம்தான் என்று சொல்லித்தான் தாத்தா வீட்டில் விட்டார்கள். தாத்தாவை அப்பா என்று கூப்பிட்டேன், பாட்டியை அம்மா என்று கூப்பிட்டேன், பெற்ற அப்பா எனக்கு அண்ணன், என்னைப் பெற்றவள் எனக்கு அண்ணி. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவன் இப்படி இருப்பான், யாரும் பெரிதாக நினைப்பதில்லை. என்னைப் பெற்றவர்கள் வீட்டுக்கு நான் போனால் அண்ணி வாசலில் நின்று, "கொழுந்தனாரே, கை கழுவிட்டு சாப்பிட வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். ஆறு வயதுப் பொடியனை! என் தம்பிகளை அடிப்பாள், காதைத் திருகுவாள், எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னை ஒரே ஒரு அடி அடிக்க மாட்டாளா என்று அவள் கண் முன்னாலேயே பால் குடத்தைக் கவிழ்த்தேன். அவள் தரையைத் துடைத்துவிட்டு, "பரவாயில்ல கொழுந்தனாரே" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளியை யார் அடிப்பார்கள்.

நீ பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் உன்னைக் கேட்டு என் வீட்டு வாசலிலும் வந்து நின்றார்கள். அண்ணன் தொட்டிலைக் குதிரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார், அண்ணியும் கூட வந்திருந்தாள். அப்போது நான் கரா-கெச்சே சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன், கமாஸ் லாரி முற்றத்தில் நின்றது. அண்ணன் திண்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே உனக்கு எந்தக் குதிரைக் குட்டியைக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார், நான் உள்ளே போய் உன் அம்மாவிடம், "எந்திரி, லோடு ஓஷுக்குப் போகுது, நாமளும் போறோம்" என்றேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை, உன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். இன்ஜின் சத்தம் கேட்டு அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்தார், "பிள்ளையைக் கொல்லப் பாக்குறியாடா, மலைப்பாதைல பச்சைக் குழந்தையா" என்று வாயில் வந்ததெல்லாம் திட்டினார். கேட் சாத்தியிருந்தது. யார் திறந்தது தெரியுமா? அண்ணிதான். ஜன்னல் பக்கம் வந்து, அண்ணன் காதில் விழாமல், "நிக்காதீங்க கொழுந்தனாரே, போங்க" என்றாள். உன் முதல் பயணம் அதுதான். தோ-அஷூ கணவாயில் உனக்குக் காது அடைத்து நீ கத்திய கத்தில் எதிரே வந்த லாரிக்காரனே ஓரம் கட்டினான்.

அதற்கப்புறம் நான் எங்கே போனாலும் குடும்பத்தோடுதான் போனேன். ஊர் என்ன சொல்லியது, நினைவிருக்கிறதா? "ஜுமாதில் பிள்ளைங்களை ஸ்டெப்னி டயர் மாதிரி கூடவே தூக்கிட்டுத் திரியறான்." சொல்லட்டுமே. சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் நீயும் எல்தோஸும் கால்மாடு தலைமாடாகத் தூங்கினீர்கள். எல்தோஸ் ஒவ்வொரு கணவாயிலும் என் தொப்பியில் வாந்தி எடுத்தான், வேறு எதிலும் எடுக்க மாட்டான், அவனுக்கு அந்தத் தொப்பிதான் வேண்டும். கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வாய்ப்பாடு சொன்னாய், டோக்டோகுல் ஏரிக்கரையில் மக்காச்சோளம் விற்றவளிடம் பேரம் பேசி ஏமாந்து அழுதாய், தாலாஸ் ரோட்டில் பனியில் மாட்டி இரண்டு நாள் ரொட்டியும் உப்புமாகக் கிடந்தோமே, அங்கேதான் உன் முதல் பல் விழுந்தது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்து நீங்கள் வராததற்கு வாத்தியாரம்மா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டார், நிமிர்ந்துதான் நின்றேன். நான் உங்களுக்குப் பெரிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, கத்தியிருக்கிறேன், அடித்துமிருக்கிறேன், கரி பிடித்த கையாலேயே சோறு ஊட்டியிருக்கிறேன். ஆனால் அடித்தது உங்கள் அப்பா, ஊட்டியதும் உங்கள் அப்பா. அதை எந்த ஊர்க்காரன் வந்து கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அண்ணி இறந்த அன்று உனக்கு எட்டு வயது. உங்கள் இரண்டு பேரையும் லாரியிலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், தாயைப் பறிகொடுத்த ஆண்பிள்ளைகள் கூடாரத்துக்கு வெளியே தடியூன்றி வரிசையாக நின்று, ஆள் வர வர வாய்விட்டு அழ வேண்டும், மூத்தவன்தான் தொடங்க வேண்டும். மூத்தவன் நான். தம்பிகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தேன், அம்மா என்ற சொல் வரவே இல்லை மகளே. அது பாட்டியோடு என்றைக்கோ குழிக்குள் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து "அண்ணீ" என்றுதான் வந்தது. வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, "டேய், உன்னைப் பெத்தவடா" என்றார். எனக்குத் தெரியாதா! மறுபடி முயன்றேன், மறுபடியும் அதேதான் வந்தது. தம்பிகள் அம்மா அம்மா என்று அழ, நான் மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நின்றேன். திரும்பி வரும்போது நீ கேட்டாய், "ஏம்பா எல்லாரும் அம்மான்னு அழுதாங்க, நீங்க மட்டும் அண்ணின்னு அழுதீங்க?" நான் ரேடியோவைப் பெரிதாக வைத்தேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தப்பு என்னுடையது இல்லை, அவளுடையதும் இல்லை. ஆனால் உன் வீட்டில் அதை இன்னொரு தடவை நடக்க விடமாட்டேன்.

சம்பந்தி வீட்டார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று பையன்களும் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சம்பந்தியம்மா குல்சுன் சன்ஜாருக்கு இப்போதே கம்பளிச் சட்டை தைத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், கிளம்பும்போது அதைத் தொட்டுப் பார்த்தேன், அந்தச் சின்னக் கைக்குள் என் இரண்டு விரல்தான் போயிற்று. பாவமாகத்தான் இருக்கிறது. பாவம் என்பதற்காகக் குதிரைக் குட்டி கொடுக்கலாம், பிள்ளையைக் கொடுக்க முடியுமா? வருஷா வருஷம் கோடையில் கூட்டி வா, மடியில் வைத்துக் கொஞ்சட்டும், கெடுக்கட்டும், குதிரையில் ஏற்றட்டும். ஆனால் அவர்களை அவன் தாத்தா பாட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். அதைச் சொல்ல உனக்குப் பயமாக இருந்தால் என் பெயரைச் சொல், அந்தத் திமிர் பிடித்த அப்பன் விடமாட்டேன் என்கிறான் என்று சொல், எனக்குக் கெட்ட பெயர் புதிதில்லை.

காப்பகத்தில் இடமில்லை என்றாய் அல்லவா, அதற்கும் வழி பண்ணிவிட்டோம். எல்தோஸ் கமாஸின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறான், ஜூலைக்குள் பூட்டிவிடுவான். மாடுகளை அவன் பார்த்துக்கொள்வான், நீங்கள் திரும்பும்போது நானே அந்த லாரியை ஓட்டிக்கொண்டு உங்களோடு வருகிறேன். உன் அம்மா பெட்டியில் ரஷ்யக் குளிருக்கான துணிகளை அடுக்கிவிட்டாள், உங்களுக்கு இடம் கிடைக்கும்வரை உன் வீட்டில் இருந்து, நீ வேலைக்குப் போகும் நேரம் மட்டும் சன்ஜாரைப் பார்த்துக்கொள்வாள். நீ வந்ததும் பிள்ளை உன் இடுப்புக்குப் போய்விட வேண்டும், அதில் அவள் என்னைவிடக் கண்டிப்பு. நூல் அறுக்கிற சடங்கு அத்பாஷியிலேயே நடக்கட்டும், ஊரைக் கூட்டட்டும், நானும் வருவேன். ஆனால் லாரியை வாசலுக்கு நேராக நிறுத்திவைப்பேன். நூலை அறுத்ததும் சன்ஜாரை யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நீ எதிரே உட்கார்ந்து கையை விரி, அவன் எங்கே நடக்கிறான் என்று ஷர்ஷேனே பார்க்கட்டும்.

பல் முளைக்கிற நேரம், காய்ந்த தயிர்க்கட்டியைக் கடிக்கக் கொடு, தொண்டையில் சிக்காத அளவு பார்த்துக் கொடு. ஹீட்டருக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதே. லாரியில் வாந்தி எடுத்தால் பயப்படாதே, அவன் மாமனுக்காக வைத்திருந்த அந்தத் தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, அவர் நல்ல பையன், தன் அப்பாவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான், ஒரு தடவை பேசினால் பழகிவிடும். சன்ஜார் "ம்மா" என்கிறான் என்று போனில் சொன்னாயே, அந்தச் சொல்லை நீ வருவதற்குள் நன்றாகப் பழக்கிவிடு. அவன் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார், கை வேலையாக இருந்தாலும் பார்.

உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் கிடைக்கட்டும், போகிற வழியெல்லாம் வெள்ளையாக, தடங்கலில்லாமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய்: டிக்கெட்டைப் பற்றி மாமனார் கேட்டால், அப்பா கணக்கை மாற்றிவிட்டார் என்று சொல். வரும்போது மூன்று பேர், போகும்போது ஐந்து பேர்.

இப்படிக்கு,
இந்தப் பெயரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் அப்பா,
ஜுமாதில்.